கல்யாண வீடியோவை டிவிடியாக மாற்றும்போது தரத்தைக் காப்பாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்டிரைவ் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கல்யாண வீடியோவை டிஸ்க்காகத்தான் கேட்போம் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. டிவிடி பிளேயரில் போட்டு, ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான் பெரியவர்கள் பலருக்கு வசதி. அந்த டிஸ்க்கைத் தயார் செய்கிற எடிட்டர்களும், வீட்டிலேயே சொந்தமாக டிவிடி போடுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் கல்யாண வீடியோவிலிருந்துதான். டிவிடிக்கு அதைவிடக் கஷ்டமான ஃபுட்டேஜ் அதிகம் கிடையாது.

டைம்லைனில் பளிச்சென்று இருந்த படம் டிவிடியில் ஏன் மங்கிப்போகிறது?

இதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணத்தை யாராலும் மாற்ற முடியாது. ஃபுல் எச்டி படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். நம் ஊர் டிவி முறையான பேல் (PAL) டிவிடியில் 720 × 576, அதாவது 4,14,720 பிக்சல்கள். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 4கே கேமராவில் எடுத்திருந்தால் இருபதில் ஒரு பங்கு. இந்தச் சின்னப் படத்தை 55 அங்குல டிவி இழுத்து விரித்துக் காட்டும்போது கொஞ்சம் மென்மையாகத்தான் தெரியும். கஸ்டமரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம் முழுக்க நம் கையில் இருக்கிறது. டிவிடிக்கு வந்து சேர்வதற்குள் படத்தைத் தேவையில்லாமல் பலமுறை சுருக்கிவிடுகிறோம். கேமராவில் எச்.264, எடிட் முடித்ததும் ஒரு எம்பி4, ரைட்டிங் சாஃப்ட்வேருக்குள் போனதும் அதுவாகவே செய்துகொள்கிற ஒரு எம்பெக்-2 (டிவிடி பயன்படுத்தும் சுருக்க முறை) என்று போகிறது. ஒவ்வொரு சுருக்கலும் முந்தைய சுருக்கலின் பிசிறையும் படத்தின் ஒரு பகுதியாக நினைத்து, அதற்கும் சேர்த்து இடம் ஒதுக்குகிறது. மக்கள் "டிவிடி குவாலிட்டி" என்று குறை சொல்வதில் பெரும்பகுதி இப்படி வந்த சேதம்தான். நன்றாகச் சுருக்கிய டிவிடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் எந்த வழியில் ரெண்டர் செய்ய வேண்டும்?

எடிட் முடிந்த பிறகு, படம் ஒரே ஒரு முறைதான் கனமாகச் சுருங்க வேண்டும். டைம்லைனிலிருந்து நேராக டிவிடிக்கான எம்பெக்-2 கோப்பாக எடுப்பது ஒரு வழி. இன்னொரு வழி, முதலில் கேனோபஸ் எச்க்யூஎக்ஸ், புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி போன்ற இடைநிலைக் கோடெக்கில் (லேசாக மட்டும் சுருக்கும் முறையில்) ஒரு மாஸ்டர் எடுத்து, அதிலிருந்து எம்பெக்-2 செய்வது. கோப்பு பெரிதாக இருக்கும். ஆனால் இந்தக் கோடெக்குகளில் ஏற்படும் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டாவது வழியையே சொல்வேன். பிட்ரேட்டை (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் பிட் அளவை) மாற்றி இன்னொரு முறை முயன்று பார்க்க வேண்டியிருந்தால், முழு டைம்லைனையும் திரும்ப ரெண்டர் போட வேண்டாம்.

அப்புறம், ஆத்தரிங் சாஃப்ட்வேர் (மெனு போட்டு டிவிடியாக அமைக்கும் சாஃப்ட்வேர்) உங்கள் எம்பெக்-2 கோப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறதா, இல்லை மறுபடி சுருக்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடோபி என்கோரில் அந்தக் கோப்புக்கு நேராக "டோன்ட் டிரான்ஸ்கோடு" என்று இருக்க வேண்டும். மற்ற சாஃப்ட்வேர்களில் நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒன்றரை மணி நேரப் படத்தைச் சில நிமிடங்களில் தயார் செய்துவிட்டால் அது கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மணிக்கணக்கில் ஓடினால் மறுபடி சுருக்குகிறது என்று அர்த்தம்.

பிட்ரேட் எவ்வளவு வைப்பது?

முதலில் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். டிவிடியில் வீடியோ மட்டும் அதிகபட்சம் 9.8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), ஆடியோவும் மற்றவையும் சேர்த்து 10.08 எம்பிபிஎஸ். இது டிவிடி தரநிலை சொல்லும் எல்லை. ஆனால் நாம் ரைட் செய்கிற டிஸ்க்கில் அந்த எல்லையைத் தொடக் கூடாது. பழைய பிளேயர்கள் வேகமாகப் படிக்க முடியாமல் திணறி நிற்கும். வீடியோவுக்கு 8,000 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட், அதாவது 8 எம்பிபிஎஸ்) என்பதை உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி எல்லாமே படத்தின் நீளத்தைப் பொறுத்தது. "4.7 ஜிபி" டிஸ்க் என்பது 470 கோடி பைட். கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். 470 கோடியை எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். அதைப் படம் ஓடும் நொடிகளால் வகுத்தால் ஒரு நொடிக்குக் கிடைக்கிற இடம். 90 நிமிடப் படத்துக்கு 5,400 நொடி. நொடிக்கு ஏறக்குறைய 6,960 கேபிபிஎஸ். மெனு முதலிய செலவுகளுக்கு 4 சதவீதம் விட்டு, ஆடியோவுக்கு 224 கழித்தால், வீடியோவுக்கு சராசரியாக 6,400 வைக்கலாம். இதே கணக்கில் 2 மணி நேரத்துக்கு சுமார் 4,750. 3 மணி நேரத்துக்கு சுமார் 3,100. 70 நிமிடத்துக்குள் முடிகிற படமென்றால் கணக்கே வேண்டாம், 8,000 சிபிஆர் (முழுப் படத்துக்கும் ஒரே பிட்ரேட்) வைத்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் கல்யாண ஃபுட்டேஜுக்கு 6,000-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 5,000 சமாளிக்கும். 4,000-க்குக் கீழே போனால் மண்டபத்துக் கூட்டத்தில் முகங்கள் கரைய ஆரம்பிக்கும்.

சிபிஆரா, விபிஆரா?

70 நிமிடத்துக்குள் சிபிஆர். அதைத் தாண்டினால் டூ-பாஸ் விபிஆர், அதாவது காட்சிக்குக் காட்சி மாறும் பிட்ரேட், இரண்டு ஓட்டத்தில். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று என்கோடர் பார்த்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில் அமைதியான காட்சியிலிருந்து இடத்தை மிச்சம் பிடித்து, கஷ்டமான காட்சிக்குக் கொடுக்கும். ஒற்றைப் பாஸ் விபிஆரில் இந்தப் பங்கீடு ஒழுங்காக நடக்காது. நேரம் இரட்டிப்பானாலும் பரவாயில்லை.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, ஏன்?

அந்தப் பத்து இருபது நொடிகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டுகிறது. நாலா பக்கமும் இருந்து அட்சதை பறக்கிறது. ஹோமப் புகை எழும்புகிறது. போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் மாறி மாறி வெடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், வீடியோகிராபரும் இடம் மாறுகிறார்.

எம்பெக்-2 எப்படி இடத்தை மிச்சம் பிடிக்கிறது என்றால், 12 அல்லது 15 ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் முழுப் படத்தைப் பதிவு செய்யும். நடுவில் உள்ள ஃப்ரேம்களில், முந்தைய அல்லது பிந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். அட்சதை பறக்கும்போது ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் இருக்கிறது. புகைக்கு நிலையான உருவமே இல்லை. ஃபிளாஷ் அடித்த ஃப்ரேம் மொத்தமாக வெளுத்துவிடுகிறது. எதையும் "முன்பு இருந்தது போலவே" என்று எழுத வழியில்லை. ஒதுக்கிய பிட் போதாமல், 8 × 8 பிக்சல் கட்டங்களுக்குள் இருக்கும் நுணுக்கத்தை என்கோடர் தூக்கி எறிகிறது. அந்தக் கட்டங்கள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. குடும்பத்தார் திரும்பத் திரும்பப் பார்க்கப் போவதும் அதே நொடிகளைத்தான்.

செய்ய வேண்டியது: விபிஆரில் உச்சத்தை 8,000 வைத்து, சராசரியை 5,500-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டு டிஸ்க்காகப் பிரிக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகூர்த்தக் காட்சியின் மேல் பூமழை, மினுமினுப்பு, இதயங்கள் பறக்கும் டெம்ப்ளேட் எதையும் போடாதீர்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற இடத்தில் ஒவ்வொரு மினுமினுப்பும் மணமக்களின் முகத்திலிருந்து பிட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. நிஜமான அட்சதை இருக்கும்போது கிராஃபிக்ஸ் பூ எதற்கு?

ரிசப்ஷன் காட்சிகள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. அதுவும் பிட்ரேட் பிரச்சினைதானா?

பாதி அதுதான். வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமராவின் கெயின் அல்லது ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் நாய்ஸ் வருகிறது. நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறிக்கொண்டே இருப்பதால் என்கோடர் அதை அசைவு என்று நினைத்து இடத்தைச் செலவழிக்கிறது. அந்தக் காட்சிகளுக்கு மட்டும், எம்பெக்-2 ஆக்குவதற்கு முன்னால், லேசாக டீநாய்ஸ் செய்யுங்கள். முகம் மெழுகு பூசியதாகத் தெரிகிற அளவுக்குப் போக வேண்டாம். ஷார்ப்னஸ் ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். அது நாய்ஸையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும்.

கேமரா திரும்பும்போது படம் உதறுகிறது. ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரிகின்றன.

இது ஃபீல்டு பிரச்சினை. இன்டர்லேஸ் முறையில் ஒரு ஃப்ரேம் என்பது இரண்டு ஃபீல்டு: ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று. எது முதலில் வருகிறது என்பதைக் கோப்பு சரியாகச் சொல்ல வேண்டும். பழைய டிஜிட்டல் வீடியோ (DV) டேப் கேமராக்களில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். எச்டிவி, ஏவிசிஎச்டி போன்ற எச்டி கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். டிவிடி இரண்டையும் ஏற்கும். ஆனால் படத்தில் ஒன்று இருந்து, ரெண்டர் செட்டிங்கில் மற்றொன்று சொன்னால், அசைகிற எல்லாமே ஒரு அடி முன்னே ஒரு அடி பின்னே போய் உதறும். இரண்டு வகைக் கேமராக்களையும் கலந்து எடுத்த கல்யாணத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

சீப்புப் பல் தெரிவது வேறு விஷயம். 1080 வரி இன்டர்லேஸ் படத்தை அப்படியே 576 வரிக்குக் குறுக்கினால், இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சரியான முறை: முதலில் நொடிக்கு 50 முழு ஃப்ரேமாக டீஇன்டர்லேஸ் செய்து, பிறகு அளவைக் குறைத்து, கடைசியில் 25 ஃப்ரேம் இன்டர்லேஸாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக், ஏவிஐசிந்த் போன்ற இலவசக் கருவிகள் இதை நன்றாகச் செய்கின்றன. எடிட்டிங் சாஃப்ட்வேரையே நம்புவதானால், கேமரா வேகமாகத் திரும்பும் ஒரு துண்டை மட்டும் ரெண்டர் செய்து முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் 50பி-யில் எடுக்கிறேன். மொபைலில் எடுத்ததையும் சேர்க்கிறேன். என்ன செய்ய?

50பி (நொடிக்கு 50 முழு ஃப்ரேம்) ஃபுட்டேஜை 25 ஃப்ரேம் இன்டர்லேஸாக மாற்றினால் அசைவின் வழவழப்பு அப்படியே கிடைக்கும். 25பி-யாக மாற்றினால் பாதி அசைவு போய்விடும். 25பி-யில் எடுத்தது புரோகிரசிவாகவே, அதாவது முழு ஃப்ரேமாகவே போகட்டும்.

மொபைலில் வருவது பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம், அதுவும் ஏறி இறங்குகிற ஃப்ரேம் ரேட். டைம்லைனில் வைப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உதடும் சத்தமும் விலகும். 30-லிருந்து 25-க்கு வரும்போது கொஞ்சம் தடுக்கல் தெரியத்தான் செய்யும். கல்யாணத்துக்கு முன்பே திட்டமிட முடியுமானால், எல்லாக் கேமராவையும் 25 அல்லது 50-க்கு மாற்றிவிடுவதே நல்ல தீர்வு.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது.

அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் வைத்து ரெண்டர் செய்திருக்கிறீர்கள். 576 வரிகளில் 432 மட்டும் படத்துக்குப் போய், கால் பங்கு கறுப்புக்குப் போய்விட்டது. புராஜெக்ட் செட்டிங்கிலும் ஆத்தரிங்கிலும் 16:9 வைடுஸ்கிரீன் என்று வையுங்கள். 4:3, 16:9 இரண்டிலும் 720 × 576-தான். டிவிதான் அதை அகலமாக விரித்துக் காட்டும்.

பட்டுப் புடவையின் ஜரிகை மினுங்கி மினுங்கித் துடிக்கிறது. சிவப்பு நிறம் பிசிறு தட்டுகிறது.

நல்ல கேள்வி, காஞ்சிப் பட்டு இருக்கிற வரை வந்துகொண்டேயிருக்கும். ஜரிகைக் கரையில் உள்ள மெல்லிய கோடுகள் ஒரு ஃபீல்டில் விழுந்து மறு ஃபீல்டில் விழாமல் போகின்றன, அதனால் துடிக்கின்றன. ஆல்பம் புகைப்படங்களை ஸ்லைடாகப் போடும்போதும், மெல்லிய எழுத்தில் மணமக்கள் பெயர் போடும்போதும் இதுவே நடக்கும். மேலிருந்து கீழாக மட்டும் மிக லேசான பிளர் கொடுத்தால் அடங்கிவிடும். எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் ஆன்டி-ஃபிளிக்கர் என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். எழுத்துகளுக்குத் தடித்த ஃபான்ட் எடுங்கள்.

சிவப்பில் காரணம் வேறு. டிவிடி நிறத்தைப் படத்தின் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் சேமிக்கிறது. கூரைப்புடவையின் அடர்ந்த அரக்குச் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் வேறு நிறம் என்று வரும்போது ஓரம் படிக்கட்டாகத் தெரியும். கலர் கரெக்ஷனில் சிவப்பின் செறிவைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எச்டி படத்தின் நிறக் கணக்கு 709, டிவிடியுடையது 601. ரெண்டரில் இந்த மாற்றம் நடக்காவிட்டால் சிவப்பும் பச்சையும் லேசாகத் தடம் மாறும்.

வெள்ளையையும் கவனியுங்கள். வீடியோவில் வெள்ளையின் அளவு 235-தான், 255 அல்ல. பல கேமராக்கள் அதற்கு மேலும் பதிவு செய்கின்றன. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருந்தால், ஹைலைட்டை டைம்லைனிலேயே கீழே கொண்டுவந்துவிட்டு ரெண்டர் செய்யுங்கள்.

ஆடியோவை எப்படி வைப்பது?

பிசிஎம் (சுருக்காத ஆடியோ) வைத்தால் 1,536 கேபிபிஎஸ் அதற்கே போய்விடும். டால்பி ஏசி-3 ஸ்டீரியோ 224 அல்லது 256 போதும். நாதஸ்வரமும் தவிலும் இருப்பதால் நான் 256 பக்கம் சாய்வேன். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஏசி-3 செட்டிங்கில் டயலாக் நார்மலைசேஷன் (பிளேயர் சத்தத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் எண்) -27 என்று இருந்தால் அதை -31 ஆக்கி, கம்ப்ரெஷனை "நன்" (None) என்று வையுங்கள். டிவிடியில் சத்தம் குறைந்து கேட்பதாகச் சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் கேட்கிறார்கள்.

முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரிப்பதுதான் என் முதல் யோசனை. 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க்கில் மூன்று மணி நேரம் சுமார் 5,800 கேபிபிஎஸ்ஸில் அடங்கும். ஆனால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது. வேறு வழியே இல்லாமல் ஒற்றை லேயரில் நான்கு மணி நேரம் வைத்தாக வேண்டுமென்றால், 352 × 576 அளவில் ரெண்டர் செய்யுங்கள். அதுவும் டிவிடி ஏற்கிற அளவுதான். கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஆனால் கட்டம் உடையாது.

பழைய விஎச்எஸ் கேசட்டை டிவிடி ஆக்குபவர்களுக்கும் இதே 352 × 576 நல்ல தேர்வு. விஎச்எஸ்ஸில் அதற்கு மேல் அகல நுணுக்கம் கிடையாது. படத்தின் அடியில் துடிக்கிற சில வரிகளைக் கறுப்பால் மூடிவிட்டால் பிட்டும் மிச்சமாகும்.

கனடாவில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். இதே டிஸ்க் ஓடுமா?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் பேல். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்கே விற்கும் பல பிளேயர்கள் பேல் டிஸ்க்கை ஓட்டாது. 25-ஐ 29.97 ஃப்ரேமாக மாற்றினால் அசைவு கெடும். அவர்களுக்கு ஒரு எச்டி கோப்பைப் பென்டிரைவில் கொடுப்பதே மேல்.

குறைந்த வேகத்தில் ரைட் செய்தால் படம் தெளிவாகுமா?

ஆகாது. எண்கள் எண்களாகவே போகின்றன. குறைந்த வேகத்தால் கிடைக்கும் நன்மை, பிளேயர் தடங்கலில்லாமல் படிப்பதுதான். 16 எக்ஸ் டிஸ்க்கை 8 எக்ஸ்ஸில் எழுதுங்கள், ஃபைனலைஸ் செய்யுங்கள் (எழுதி முடித்ததும் டிஸ்க்கை மூடும் வேலை), டிவிடி-ஆர் வகையை எடுங்கள். டிஸ்க்கின் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து சுழலும்போது ஆடும்.

எந்த சாஃப்ட்வேர்?

எடியஸ், பிரீமியர் எதில் எடிட் செய்தாலும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். என்கோர் சிஎஸ்6-உடன் நின்றுவிட்டது, வைத்திருப்பவர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள். இலவசமாக வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக்கில் சுருக்கி, டிவிடிஸ்டைலரில் மெனு போடலாம். ஹேண்ட்பிரேக் டிவிடி வீடியோ தயாரிக்காது.

கஸ்டமரிடம் கொடுப்பதற்கு முன் என்ன சோதிக்க வேண்டும்?

கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பிளேயர் ஃபீல்டு தவறுகளை மறைத்துவிடும். தாலி கட்டும் காட்சி, கேமரா திரும்பும் ஒரு காட்சி, ரிசப்ஷனின் இருட்டுக் காட்சி, டைட்டில் இவற்றை மட்டும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு துண்டு எடுத்து, திரும்ப எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் போட்டு, சாதாரண பிளேயரிலும் டிவியிலும் பாருங்கள். சராசரி பிட்ரேட்டை முழுப் படத்துக்கு வைக்கப்போகும் அதே எண்ணில் வைத்து, சிபிஆரில் சோதியுங்கள். கஷ்டமான காட்சிகள் அதில் தாங்கினால் டூ-பாஸில் இன்னும் நன்றாகவே வரும்.

டிவிடி கொடுத்த பிறகு ஒரிஜினலை அழித்துவிடலாமா?

கூடாது. டிவிடியிலிருந்து எச்டியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கேமராக் கோப்புகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், எடிட் முடிந்த முழுப் படத்தை 50 எம்பிபிஎஸ் எச்.264 கோப்பாக எடுத்து வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 67.5 ஜிபி ஆகும். கஸ்டமரின் ஹார்டு டிஸ்க்கிலும் அதன் ஒரு காப்பியைப் போட்டுக் கொடுங்கள்.